தாவர உணவும் உழைப்பாளியின் உடலும்

(மும்பைத் தமிழ்த் தோழர்களுக்கான கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பை உழைக்கும் மக்களின் உணவைப் பற்றி இந்நகரின் இடதுசாரி இயக்கம் பேசுவது புதிதன்று. 1972-73இல் விலைவாசி உயர்வுக்கு எதிராக அகல்யா ரங்கனேகர், மிருணாள் கோரே, தாரா ரெட்டி ஆகியோர் கட்சி எல்லைகளைக் கடந்து இல்லத்தரசிகளைத் திரட்டினர். சப்பாத்திக் கட்டைகளைக் கையிலேந்திப் பெண்கள் வீதிக்கு வந்தனர். பஞ்சாலைப் பகுதியில் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டுவந்த பெண்களை ஒன்றுசேர்த்து, 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை உருவாக்கிய பிரேமா புரவ் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வளர்ந்தவர். அன்றைய கேள்வி, அடுப்பில் வைக்கத் தானியமும் எண்ணெயும் கிடைக்குமா என்பது. அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. ஆனால் அதனுடன் மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டுள்ளது. கிடைக்கின்ற உணவு இருபது, முப்பது ஆண்டுகளில் உழைப்பாளியின் உடலை என்ன செய்கிறது?

இக்கேள்வி இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. தாவர உணவே உடலுக்கு நல்லது, இறைச்சி கேடு என்னும் பிரச்சாரம் இரு திசைகளிலிருந்து வருகிறது. மேலைநாடுகளிலிருந்து அது உடல்நலத்தின் பெயராலும் புவி வெப்பமயமாதலின் பெயராலும் வருகிறது. இங்கே அதே சொற்களைச் சாதியத் தூய்மைவாதமும் இந்துத்துவ அரசியலும் எடுத்துக்கொண்டு, மக்களின் தட்டில் கை வைக்கின்றன. இதற்கு எதிர்வினையாக, தாவர உணவு என்றாலே மேல்சாதிக் கருத்தியல் என்று ஒதுக்கிவிடும் போக்கும் முற்போக்கு வட்டாரங்களில் காணப்படுகிறது. இரண்டும் அறிவியலுக்குப் பொருந்தா. சான்றுகளை முதலில் பார்க்க வேண்டும். பிறகே அரசியல் முடிவுக்கு வர வேண்டும்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

தாவர உணவின் நீண்டகால விளைவுகளைப் பற்றி உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று, அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் நடத்திவரும் அட்வென்டிஸ்ட் ஆய்வு. 2002 முதல் 2007 வரை ஏறத்தாழ 96,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். 2013இல் வெளிவந்த முடிவின்படி, சைவ உணவினரின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைவிட 12 சதவீதம் குறைவு. பால், முட்டைகூட உண்ணாத முழுத் தாவர உணவினரின் சராசரி உடல் நிறைக் குறியீட்டெண் 23.6, இறைச்சி உண்பவர்களுடையது 28.8. நீரிழிவும் முன்னவரிடம் 2.9 சதவீதம், பின்னவரிடம் 7.6 சதவீதம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1993இல் தொடங்கிய எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஏறத்தாழ 65,000 பேரைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. சைவ உணவினருக்கு இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவு என்று 2019இல் அது அறிவித்தது. அதே கட்டுரை, அவர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம் என்றும் கூறியது. 2020இல் வெளிவந்த மற்றொரு கட்டுரையின்படி, முழுத் தாவர உணவினருக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். இடுப்பெலும்பு முறிவோ இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடைக் குறைவும், சுண்ணாம்புச் சத்தும் புரதமும் குறைந்திருப்பதும் இதற்கு ஓரளவு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆக, தாவர உணவு நன்மையும் தருகிறது, இடரும் தருகிறது. எது மேலோங்கும் என்பது தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை மேலும் தெளிவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள். அவர்கள் தாவர உணவை இரண்டாகப் பிரித்தனர். முழுத் தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டைகள் கொண்டது ஒன்று. தீட்டிய தானியம், உருளைக்கிழங்கு, சர்க்கரை, இனிப்புப் பானம் கொண்டது மற்றொன்று. 2,00,000க்கும் மேற்பட்ட செவிலியர் மற்றும் மருத்துவத் துறையினரை ஆராய்ந்து 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவில், முதல் வகையை அதிகம் உண்டவர்களுக்கு இதயத் தமனி நோய் 25 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையை அதிகம் உண்டவர்களுக்கு அது 32 சதவீதம் கூடியது. இரண்டும் செடியிலிருந்து வந்த உணவுதான். ஒன்று காக்கிறது; மற்றொன்று கெடுக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அட்வென்டிஸ்ட் சபையினர் பெரும்பாலும் புகைப்பதில்லை, மது அருந்துவதில்லை. சத்துச் சேர்த்த உணவுகளும் சத்து மாத்திரைகளும் அவர்களுக்கு எளிதில் கிடைக்கின்றன. அவர்கள் இறைச்சியை விட்டது விருப்பத்தால். வாங்க முடியாததால் விட்டவனின் உடலுக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழை. 1845இலேயே எங்கெல்ஸ், இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றிய நூலில், கூலி குறையக் குறையத் தட்டில் இறைச்சி எவ்வாறு சுருங்கி, கடைசியில் உருளைக்கிழங்கு மட்டும் எஞ்சுகிறது என்று படிப்படியாக எடுத்துக்காட்டினார். அந்தத் தொழிலாளியும் தாவர உணவினன்தான்!

மூன்று தட்டுகள்

மும்பையில் தமிழர் வாழும் மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

மாட்டுங்காவில் தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தின் சாப்பாட்டுக் கடைகள் புகழ்பெற்றவை. 1942இல் தொடங்கப்பட்ட ராமா நாயக் உடுப்பி போர்டிங் போன்றவை, குடும்பத்தைப் பிரிந்து வேலைக்கு வந்த ஆண்களுக்குக் குறைந்த விலையில் இலைச்சாப்பாடு போட வந்தவை. அந்த இலையில் சோறுடன் பருப்பு, இரண்டு வகைக் காய், தயிர், மோர், நெய் எல்லாம் உண்டு. அரிசியில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு தருகிறது. பருப்பில் குறைவானதை அரிசி ஈடுசெய்கிறது. பால் பொருள்கள் சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு வைட்டமின் பி12உம் தருகின்றன. இது சைவ உணவுதான். ஆனால் பாலும் பருப்பும் வாங்கும் வசதி உள்ளவனின் சைவ உணவு.

தாராவியின் தட்டு வேறு. தொண்ணூறு அடிச் சாலையின் பின்புறச் சந்துகளில் நின்றுகொண்டே தோல் தைப்பவர், பரணில் அமைந்த தையற்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்திருப்பவர், விடியுமுன் எழுந்து இட்லி அவித்து மிதிவண்டியில் நகரெங்கும் கொண்டு விற்பவர் ஆகிய எவரும் கொள்கையால் சைவர் அல்லர். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான அவர்கள் மீனும் கருவாடும் கறியும் உண்டு வளர்ந்தவர்கள். ஆனால் வாரத்தின் ஆறு நாள்களில் அவர்கள் உண்பது என்ன? காலையில் கட்டிங் சாயில் தோய்த்த பாவ், மதியம் ஒரு குவியல் சோறும் நீர்த்த சாம்பாரும், மாலையில் வடா பாவ். உருளைக்கிழங்கு, கடலை மாவு, மைதா, எண்ணெய் ஆகியவற்றால் ஆன வடா பாவ் நூற்றுக்கு நூறு தாவர உணவு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிரித்த இரண்டாம் வகைக்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது.

செம்பூரின் தட்டு மூன்றாவது. உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அணுசக்தி நிலையம் ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்க் குடும்பங்கள் அங்கே கணிசமாக உண்டு. ஓய்வூதியம் உண்டு, பால் உண்டு, பழம் உண்டு. உடல் உழைப்பு இல்லை. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பலகாரம், இரவில் மீண்டும் தோசை. நான்கு வேளையும் மாவுச்சத்து. அக்குடியிருப்புகளுக்குச் சற்றுக் கிழக்கே, அதே வார்டு எல்லையை ஒட்டிய கோவண்டியும் தேவ்னாரும் நகரின் மிக வறிய பகுதிகளில் அடங்கும். ஒரே ரயில் தடத்தின் இருபுறமும் இரு வேறு உணவுலகங்கள்.

தேசிய அளவில் பார்த்தாலும் நிலை இதுவே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மீனோ கோழியோ இறைச்சியோ ஒருபோதும் உண்ணாதவர்கள் பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவர். ஆண்களில் ஆறில் ஒருவர். எனவே இந்தியா சைவ நாடு என்பது கட்டுக்கதை. ஆனால் இறைச்சி உண்போர் என்று எண்ணப்படுபவர்களிலும் மிகப் பலருக்கு அது வாரத்தில் ஒரு வேளைப் பொருளே. மற்ற வேளைகளில் அவர்களும் தாவர உணவினரே. ஆகவே தாவர உணவின் நீண்டகால விளைவு என்பது சில குடும்பங்களின் சமய வழக்கம் பற்றிய கேள்வியன்று. பெரும்பான்மை மக்களின் உடல் பற்றிய கேள்வி.

மெலிந்த உடலுக்குள் மறைந்த கொழுப்பு

எடை எந்திரம் காட்டும் எண் உடலின் முழு உண்மையைச் சொல்லாது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குத் தசை மிகுந்திருக்கலாம், மற்றவருக்குக் கொழுப்பு மிகுந்திருக்கலாம். 2004இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதை விளக்கினர். இருவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் 22.3. ஆனால் யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2 சதவீதம். மெலிந்து தோன்றும் இந்திய உடலில் தசை குறைந்தும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடியும் இருப்பதை இது உலகுக்குக் காட்டியது.

இதன் வேர் கருவறையிலேயே தொடங்குகிறது. புனே அருகே கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வில், பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் அது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த இந்தியக் குழந்தை, தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறைந்திருக்கவில்லை. குறைந்தது தசையும் உள்ளுறுப்பும்தான். பட்டினி கிடந்த தாயின் உடல், வருங்காலப் பஞ்சத்துக்கென்று குழந்தைக்குக் கொழுப்பைச் சேமித்துக் கொடுக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து நகரத்துக்கு வந்து மைதாவும் சர்க்கரையும் உண்ணும்போது அச்சேமிப்பு நோயாக மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆசிய மக்களுக்கு இடர் தொடங்கும் குறியீட்டெண்ணை 25 என்று கொள்ளாமல் 23 என்று 2004இல் குறித்தது இதனால்தான்.

விளைவு கண்கூடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. 2023இல் வெளிவந்த எண்கள் இவை. அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025இல் வெளிவந்த கட்டுரை, இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அதில் 5 சதவீதத்தைக் குறைத்து, பருப்பு போன்ற தாவரப் புரதமோ பாலோ முட்டையோ மீனோ சேர்த்தால் நீரிழிவு இடர் குறையும் என்றது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றுவதால் மட்டும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை, பயன் இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று நம்பும் தோழர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

வைட்டமின் பி12

தாவர உணவின் நீண்டகாலக் குறைகளில் முதன்மையானது பி12. இச்சத்தைச் செடிகள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. மீன், முட்டை, இறைச்சி, பால் வழியாகவே அது மனிதருக்குக் கிடைக்கிறது. இட்லி மாவு புளிப்பதால் போதுமான பி12 கிடைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கல்லீரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறைபாடு உடனே தெரியாது. பாத எரிச்சல், விரல்களில் மரமரப்பு, மறதி, சோகை, நடையில் தடுமாற்றம் என்று மெல்ல வெளிப்படும்போது வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

2006இல் யாஜ்னிக் குழுவினர் புனே வட்டாரத்தில் கிராமம், சேரி, நகர நடுத்தர வர்க்கம் என மூன்று பிரிவுகளில் 441 நடுவயது ஆண்களைச் சோதித்தனர். மொத்தத்தில் 67 சதவீதம் பேருக்குப் பி12 குறைவு. சேரிவாசிகளிடம்தான் குறை மிகுதி என்று எதிர்பார்ப்பவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. நகர நடுத்தர வர்க்கத்தினரிடமே அது 81 சதவீதம். சைவ உணவினருக்கு இக்குறைபாட்டின் இடர் 4.4 மடங்கு. இதயத்துக்கும் மூளைக்கும் கேடு செய்யும் ஹோமோசிஸ்டீன் மிகுதியும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இதிலிருந்து இரு பாடங்கள். வசதி இருந்தால் சைவ உணவு தானே நிறைவடைந்துவிடும் என்பது சரியன்று. செம்பூர், மாட்டுங்கா குடும்பங்களும் பி12 சோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு அம்மாத்திரையே பி12ஐக் குறைக்கும். சைவ உணவும் மெட்ஃபார்மினும் சேர்ந்த உடலில் பாத எரிச்சல் நீரிழிவால் மட்டும் வந்ததா என்பதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். விலை குறைந்த மாத்திரையாலோ ஊசியாலோ தீர்க்கக்கூடிய குறை இது. கொள்கையால் முழுத் தாவர உணவை ஏற்பவர்களுக்கு இந்த மாத்திரை கட்டாயத் தேவை.

இரும்புச் சத்தும் இத்தகையதே. நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஆண்களில் 25 சதவீதம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதைச் சேரச் செய்யும். உணவோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். உண்டு முடித்த உடனே தேநீர் குடிக்கும் மும்பைப் பழக்கம், சத்து குறைந்த தட்டிலிருந்து மேலும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்கிறது.

மெலிவு கொல்லும்

உடல் பருமன் பற்றிய பேச்சில் உழைக்கும் மக்களின் மெலிவு மறைந்துவிடக் கூடாது. மும்பையிலேயே இதற்குப் பெரும் சான்று உள்ளது. 1991 முதல் 1997 வரை, வாக்காளர் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, 35 வயதைக் கடந்த 1,48,173 பேரை ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று சந்தித்து எடையும் உயரமும் அளந்தனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று பார்த்தனர். 2008இல் வெளிவந்த முடிவு, இந்நகரில் மிக மெலிந்தவர்களே அதிகம் இறந்தனர் என்றது. காசநோய் அவ்விறப்புகளில் முதன்மையான இடம் பெற்றது. மேலைநாட்டுச் செல்வந்தர்களுக்கு மெலிவு நலத்தின் அடையாளமாக இருக்கலாம். தாராவியின் தோல் தொழிலாளிக்கு அது எச்சரிக்கை.

ஆனால் அம்மெலிவைத் தீர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை என்பதையும் இந்திய ஆய்வே காட்டியது. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023இல் வெளிவந்தது. காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் பால்பொடியும் எண்ணெயும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தினரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும் தொடக்கத்திலேயே எடை கூடியவர்களுக்கு இறப்பு இடர் வெகுவாகக் குறைந்தது. அந்தக் கூடையில் இறைச்சி இல்லை. பருப்பும் பாலும் போதிய அளவில் இருந்தன, அதுவே வேறுபாடு.

மும்பைச் சேரிகளில் 2006 முதல் 2012 வரை நடைபெற்ற ‘சரஸ்’ ஆய்வும் இதையே வேறு வழியில் கூறுகிறது. 6,513 பெண்கள் அதில் பங்கேற்றனர். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஒரு பிரிவினருக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்துச் செய்த தின்பண்டம் நாள்தோறும் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்தது. குழந்தையின் பிறப்பு எடையில் மொத்தமாகக் கிடைத்த பயன் சிறிதே. ஏற்கெனவே மிக மெலிந்திருந்த தாய்மாருக்கு அந்தப் பயனும் கிட்டவில்லை. ஆனால் கர்ப்பகால நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதமாகக் குறைந்தது. இரண்டும் சைவத் தின்பண்டங்களே. கீரையும் பாலும் சேர்ந்த ஒன்று காத்தது, கிழங்கு காக்கவில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த பட்டினியை ஒரு தின்பண்டம் துடைத்துவிடாது என்பதும் அதன் பாடம்.

தட்டில் கை வைக்கும் அரசு

இவ்வளவும் தெரிந்த பின் ஆட்சியாளர்கள் செய்வது என்ன? மகாராஷ்டிரத்தில் 1995இல் நிறைவேற்றப்பட்ட கால்நடைப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காளை, எருது ஆகியவற்றை அறுப்பதும் குற்றமாயிற்று, ஐந்தாண்டுவரை சிறை. வெளிமாநிலத்தில் அறுத்த இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை மும்பை உயர்நீதிமன்றம் 2016 மே மாதம் நீக்கியது. ஆனால் தடை நீடிக்கிறது. தலித்துகளும் இஸ்லாமியரும் கிறித்தவரும் நம்பியிருந்த விலை மலிந்த புரதத்தையும் இரும்பையும் பி12ஐயும் சட்டம் பறித்தது. தாராவியின் தோல் தொழிலும் தேவ்னார் இறைச்சிக்கூடத்தை நம்பிய கூலிகளும் சேர்ந்தே அடிபட்டனர். மாற்றாக அந்த மக்களுக்கு ஒரு கிலோ பருப்பையாவது ரேஷனில் நிலையாகச் சேர்த்துத் தந்தார்களா? இல்லை.

பள்ளிக் குழந்தைகளின் முட்டைக்கும் இதே கதி. 2023 இறுதியில் மகாராஷ்டிரப் பள்ளிகளில் வாரம் ஒரு முட்டை வழங்கத் தொடங்கினர். 2025 ஜனவரியில் அதற்கான மாநில நிதியை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. வேண்டுமானால் பள்ளிகள் நன்கொடை திரட்டிக்கொள்ளலாம் என்றது. தமிழ்நாட்டிலோ 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் உண்டு. எந்தக் குழந்தையின் வழக்கமும் அங்கே புண்படவில்லை. முட்டை உண்ணும் குழந்தைக்கு அதை மறுப்பதில் எந்த நம்பிக்கையின் பாதுகாப்பும் இல்லை. மறுக்கப்பட்ட சத்து மட்டுமே உண்டு.

நகர மறுசீரமைப்பும் உணவுப் பிரச்சினையே. 2022இல் தாராவி மறுமேம்பாட்டு ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குச் சென்றது. தகுதியற்றவர் என்று முத்திரை குத்தப்படுபவர்களை வெளியே குடியமர்த்தும் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் ஒன்று. தாராவியில் நடக்கும் தூரத்தில் வேலை உண்டு, மாலைச் சந்தை உண்டு, கடனுக்குச் சாமான் தரும் கடை உண்டு, கோலிவாடா மீன் உண்டு, சயான் மருத்துவமனை உண்டு. நாளுக்கு மூன்று மணி நேரம் பயணத்தில் கழிப்பவளுக்குப் பருப்பு வேகவைக்க நேரம் இராது. கையில் எட்டுவது வடா பாவே. நுகர்வுச் செலவு ஆய்வின்படி, 2022-23இல் நகர்ப்புறக் குடும்பச் செலவில் 10.64 சதவீதம் பானங்களுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் சென்றது. இது சோம்பலின் கணக்கன்று. நேரம் பறிக்கப்பட்டதன் கணக்கு.

செய்ய வேண்டியவை

தாவர உணவா, இறைச்சியா என்பதன்று இயக்கத்தின் கேள்வி. நிறைவான தட்டா, வெறும் மாவுத் தட்டா; அதை முடிவு செய்வது உண்பவனா, சந்தையும் சாதியுமா என்பதே கேள்வி. சைவ உணவைத் தேர்ந்த தோழரின் உரிமையையும் மாட்டிறைச்சி உண்ணும் தோழரின் உரிமையையும் ஒரே மூச்சில் காக்க இதுவே அடிப்படை.

கோரிக்கைகள் தெளிவானவை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. தானியம் மட்டும் தருவது மாவுச்சத்தை மட்டும் தருவதாகும். தமிழ்நாட்டில் உள்ளதுபோல் மானிய விலையில் துவரம் பருப்பும் எண்ணெயும் மகாராஷ்டிர ரேஷனிலும் வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முட்டை, உண்ணாதவர்க்குப் பால் அல்லது பழம் வேண்டும். 2020 ஜனவரி 26இல் 10 ரூபாய்க்குத் தொடங்கிய சிவ போஜன் தட்டில் இரண்டு சப்பாத்தி, சோறு, பருப்பு, ஒரு காய் இருந்தன. அத்திட்டத்துக்குத் தடையற்ற நிதியும், தட்டில் கூடுதலாக ஒரு பருப்பு அல்லது முட்டையும் வேண்டும். மாநகராட்சி மருந்தகங்களில் சோகை, நீரிழிவுச் சோதனையுடன் பி12 சோதனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

கிளைகள் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. ஓர் அளவுநாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால், எடை குறைவாகத் தோன்றினாலும் சர்க்கரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மிக மெலிந்த தொழிலாளி இரு வாரங்களுக்கு மேல் இருமினால் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மலிவான சத்துணவைப் பற்றிப் பேச வேண்டும். முளைகட்டிய பயறு, வேர்க்கடலை, வறுத்த கடலை, கேழ்வரகு, கீரையுடன் எலுமிச்சை; உண்பவர்களுக்கு முட்டை, மத்தி, கருவாடு. சோற்றின் குவியல் குறைந்து பருப்பின் அளவு கூட வேண்டும்.

கட்சியின் சொந்தப் பழக்கமும் ஆய்வுக்குரியதே. மாலை ஏழு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுவரை நீளும் கூட்டங்களில் தோழர்களுக்குத் தரப்படுவது சர்க்கரை மிகுந்த தேநீரும் வடா பாவும் பிஸ்கட்டும். வீடு திரும்பி நள்ளிரவில் சோறு. நீரிழிவாலும் இதயநோயாலும் ஐம்பது வயதில் ஓய்ந்துபோன ஊழியர்கள் ஒவ்வொரு கிளையிலும் உண்டு. அவர்களுடைய அனுபவத்தை இயக்கம் இழந்தது விதியால் அன்று. ஒரு தட்டு சுண்டலும் ஒரு வாழைப்பழமும் வடா பாவைவிட அதிகம் செலவு பிடிக்கப் போவதில்லை.

அரை நூற்றாண்டுக்கு முன் சப்பாத்திக் கட்டையுடன் வீதிக்கு வந்த பெண்கள் கேட்டது தட்டு நிறைய உணவு. தட்டில் என்ன நிறைகிறது என்று கேட்பது அந்தப் போராட்டத்தின் அடுத்த கட்டம். தாராவியிலும் தேவ்னாரிலும் ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் பருப்புக்கான கையெழுத்து இயக்கத்தைத் தொடங்குவது அதன் முதல் அடியாக அமையட்டும்.